பன்னிரண்டு பக்கமும் ஒரு வரியும்

சங்குக் கரைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்காக ஒரு புத்தகம் எழுதித் தரச் சொல்லி நம் மேனேஜர் என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆட்களை அன்போடு நடத்துவது எப்படி, ஒருவரையும் ஒதுக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வேலை வாங்குவது எப்படி என்று அதில் இருக்க வேண்டுமாம். சுதந்திரம் வந்துவிட்டது, இனிமேல் பழைய மாதிரி அதட்டி வேலை வாங்க முடியாது என்கிறார். சரிதான். ஆனால் அதற்கு என்னை ஏன் பிடித்தார் என்பதுதான் விளங்கவில்லை. இருபத்தாறு வருஷம் இந்தக் கரையில் சூப்பர்வைசராக இருந்தேன். அத்தனை வருஷத்தில் நான் எழுதியதெல்லாம் ஆட்களின் வருகையைக் குறிக்கும் மஸ்டர் புத்தகமும் மேலிடத்துக்குச் சமாதானக் கடிதங்களும்தான்.

மில்லர்புரத்தில் என் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் உட்கார்ந்தேன். 'தலைமை தாங்குபவன் தாயுள்ளம் கொண்டவனாக இருக்க வேண்டும்' என்று முதல் வரி எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தால் கல்யாண வீட்டில் வாசிக்கிற வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியது அதைவிட மோசம். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் புராணத்திலிருந்து நாலு உதாரணம் சேர்க்கச் சொன்னார். என் மனைவி ஏரல்காரி. முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பக்கத்தைப் படித்தாள். "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசம் ஆவப்போவுது. எங்கிட்ட ஒரு நாளாவது இந்தக் குரல்ல பேசியிருக்கியளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் பேனாவுக்கு மை ஊற்றினேன்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஊருக்கெல்லாம் செய்தி பரவி, பார்க்கிறவர்கள் எல்லாம் "புஸ்தகம் எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பொதுவாக அன்பைப் பற்றி எழுத எனக்கு வராது என்று தெரிந்துபோனதும், நானே செய்த ஒரு நல்ல காரியத்தை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். அந்தக் காரியம், கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சவரிமுத்து என்கிற குளியாளைப் பற்றியது.

அதற்கு முன்னால், கடலில் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கல்லின் கனத்தில் கீழே இறங்குவார். அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்கும் துணையாளின் கையில் இருக்கும். பிறகு மாறிக்கொள்வார்கள். யார் வேண்டுமானாலும் அந்தக் கயிற்றைப் பிடித்துவிட முடியாது. பெரும்பாலும் மச்சான்தான் பிடிப்பார். தங்கை தாலியறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கயிற்றை விடமாட்டான் என்பது இங்கே கணக்கு.

இந்தக் கணக்கு தெரியாமல் நான் வேலைக்கு வந்த புதிதிலேயே ஒருமுறை மூக்கு உடைபட்டிருக்கிறேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் யாரும் என்னிடம் வந்து சொல்லலாம், திட்டாமல் லீவு தருவேன் என்று கரையில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று அறிவித்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒருவர் நெருப்பாய்க் காய்கிற உடம்போடு கடலுக்குப் போய் வள்ளத்திலேயே மயங்கி விழுந்தார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நான் படுத்துட்டா எம்மச்சானுமில்லா கரையில நிக்கணும்?" என்றார். இருவராகச் செய்கிற வேலையில் ஒருவருக்கு மட்டும் கருணை காட்ட முடியாது என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். பத்து வருஷத்தில் சுத்தமாக மறந்தும் போனேன்.

இப்போது சவரிமுத்து. யுத்தம் தொடங்கிய சமயம் அவருக்கு முப்பத்துநாலு, முப்பத்தஞ்சு வயதிருக்கும். எங்கள் கரையில் அவர் அளவுக்கு ஆழம் போகிறவர் இரண்டு பேர்கூட இல்லை. ஆழம் போகிறவர்களுக்கு வருகிற சீக்கு அவருக்கும் வந்தது. இரண்டு காதிலும் சவ்வு கிழிந்து, ஒரு சீசனுக்குள் கேட்பது அடியோடு நின்றுவிட்டது. அந்த நாட்களில் ஒருநாள் காலை, கடலில் சுறா தென்பட்டது. வள்ளத்தில் கூச்சல் போட்டார்கள். எல்லோரும் ஏறிவிட்டார்கள், சவரிமுத்து கடைசியாக ஏறினார் என்று கரைக்குச் சேதி வந்தது. காது கேளாதவரைக் கடலில் விடுவதா? மறுநாளே அவரை வள்ளத்திலிருந்து எடுத்து, கரையில் சங்கைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் போட்டேன். நிழல், குறையாத சம்பளம், உட்கார்ந்த இடத்து வேலை. மஸ்டர் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'காது கேளாதவர். கடலில் இறக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தச் சீசனோடு ஓய்வும் பெற்றேன்.

இதைத்தான் பன்னிரண்டு பக்கத்தில் எழுதினேன். 'கருணை மேலிட்டு, கடலின் கோரப்பிடியிலிருந்து அவனை மீட்டேன்' என்றெல்லாம் அதில் வரும். மேனேஜரிடம் படித்துக் காட்டினேன். அவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர், நல்ல மனசு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், இதுதான் ஃபர்ஸ்ட் சாப்டர். அந்த ஆளோட சொந்தப் பேரையே போடுவோம். சீசன் ஆரம்பிக்கிற அன்னைக்கு ஃபங்ஷன் வெச்சு, அவர் கையாலேயே முதல் காப்பியை வெளியிடலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பெயரைப் போடுவதென்றால் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துக் காகிதக்கட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

சவரிமுத்து வாசலில் உட்கார்ந்து வலையை முடைந்துகொண்டிருந்தார். அவர் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து, "நல்லாருக்கியா?" என்று அலறினேன். குசினியிலிருந்து அவர் மனைவி ரோசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கத்தாதிய அண்ணாச்சி. அவியளுக்குக் கேக்காது. எங்களுக்குத்தான் காது வலிக்கி."

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் அண்ணன் கஸ்பாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கஸ்பார்தான் சவரிமுத்துவுக்குக் கயிறு பிடித்தவர். வந்ததும் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது முன்கையைப் பிடித்துக்கொண்டார். கடலில் கயிற்றை இழுத்துச் சொல்கிற குறிகளை எட்டு வருஷத்தில் வளர்த்து, இழுப்பும் அழுத்தமும் தட்டுமாக ஒரு முழுப் பேச்சாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். ஊர் வம்பு முதற்கொண்டு அதில் பேசுவார்களாம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் படிக்க ஆரம்பித்தேன். ஏற்ற இறக்கத்தோடு மூன்று பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தால், கஸ்பார் மச்சான் கையில் மூன்றே மூன்று தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"ஏலே, மூணு பக்கம் படிச்சிருக்கேன். இம்புட்டுத்தானா சொன்ன?"

"சேதி இம்புட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் கஸ்பார்.

"அப்படி என்ன சொன்ன?"

"அண்ணாச்சி வந்திருக்காரு, தன்னப் பத்தித்தான் பேசுதாருன்னு சொன்னேன்."

ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. எழுதினவனுக்கு வெட்கம் கிடையாது தம்பிகளே, படித்து முடித்தால்தான் ஆறும். மேலே படித்தேன், கஸ்பாரும் அங்கங்கே தட்டினார். எட்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'மறுநாள் காலை அவனுடைய மச்சான் கைகூப்பி நன்றி சொல்ல ஓடோடி வந்தான். என் கடமையைச் செய்தேன் என்று கூறி, அவனை ஒரு வார்த்தைகூடப் பேசவிடாமல் அனுப்பிவைத்தேன்.'

கஸ்பாரின் கை நின்றுவிட்டது.

"நான் நன்றி சொல்ல வரல்ல அண்ணாச்சி."

"பிறகு?"

"இவனக் கடல்லருந்து எடுக்காதியன்னு சொல்ல வந்தேன். வாயத் தொறக்கவிட்டியளா நீங்க? 'போ போ, எல்லாம் எனக்குத் தெரியும்'ன்னு தோளத் தட்டி அனுப்பிட்டிய."

நினைவு இருந்தது. தட்டியது நினைவிருந்தது. கையைக் கூப்பினாரா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை. கூப்பிய கையை நான்தான் போன மாதம் மேசையில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அதை மறைக்க, காது கேளாதவருக்குச் சுறா வருவது எப்படித் தெரியும் என்று கஸ்பாரிடமே எரிந்து விழுந்தேன். கஸ்பார் அதை அப்படியே மச்சான் கையில் சொன்னார். இந்தமுறை தட்டு நிறைய விழுந்தது.

சவரிமுத்து வலையைக் கீழே வைத்தார். காது போன பிறகு அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது, தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"கடலுக்கடியில எவனுக்கு அண்ணாச்சி காது கேக்கு?"

நான் காகிதக்கட்டை மடியில் வைத்தேன்.

"எட்டு பாகம் ஆழத்துல, தண்ணிக்குக் கீழ எல்லாவனும் செவிடந்தான். மேல நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனுக்கும் கேக்காது. கயிறுதான் பேசும். நாலு இழுப்பு இழுத்தா ஆபத்து, ஏறி வான்னு அர்த்தம். அன்னைக்கும் இவன் நாலு இழுப்பு இழுத்தான், நான் வந்தேன். நான்தான் ரொம்பக் கீழ கெடந்தேன், அதான் கடேசி. அங்கன நானும் மத்தவனும் ஒண்ணு. கரையிலதான் நான் செவிடன். நீங்க என்னக் கரையில கொண்டு வச்சிட்டிய."

அதற்கப்புறம் கிட்டங்கியைப் பற்றிச் சொன்னார். சங்கின் சதை அழுகிக் கழிகிற நாற்றம் உங்களுக்குத் தெரியும், அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. காலையில் குமாஸ்தா திரும்பி நின்று பெயர் கூப்பிடுவாராம். இவர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பதில் வராததால் ஆப்சென்ட் போட்டுவிடுவாராம். நடுப்பகலில் போய் நான் வந்திருக்கிறேன் என்று கும்பிட்டுச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் பின்னாலிருந்து சங்கை எறிந்து திரும்புகிறாரா என்று பார்ப்பார்களாம். எட்டு சீசனிலும் தொடக்க நாளன்று வள்ளத்துக்குப் போய் நின்றிருக்கிறார். எனக்குப் பின்னால் வந்த சூப்பர்வைசர்கள் மஸ்டரைப் புரட்டி, சிவப்பு மை வரியைக் காட்டி, பெரியவர் எழுதிவைத்ததை மாற்ற முடியாது என்று அனுப்பியிருக்கிறார்கள். கஸ்பாருக்கு அதற்குள் கயிற்றுத் துணை ஆறு பேர் மாறியாயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க" என்றார் சவரிமுத்து.

"உனக்குத்தான் கேக்காதே, எப்படிக் கேக்க?" என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அப்படியே விழுங்கினேன். எட்டு வருஷமாக அந்த ஒரு சாக்கை வைத்துக்கொண்டுதான் நான் நல்லவனாக இருந்திருக்கிறேன்.

என் காகிதக்கட்டை அவர் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி பிடித்தார். "பன்னெண்டு பக்கம் எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நீங்க எழுதுனதுல ஒத்த வரிதான் என்னக் கட்டிப் போட்டிருக்கு. அத அடிச்சுத் தாங்க. எனக்கு நாப்பத்தி மூணு ஆவுது. இன்னும் நாலஞ்சு சீசன்தான் இந்த நெஞ்சு தாங்கும்."

சீசன் தொடங்க எட்டு நாள் இருந்தது.

மேனேஜரிடம் போனேன். இனிமேல் உங்களுக்கும் இப்படி மேலதிகாரிகள் வாய்ப்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதலில் அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், எல்லாரையும் சேர்த்துக்கணும்னு புக் போடுறோம். செவிடனைக் கடல்ல தள்ளிவிட்டோம்னு முதல் சாப்டர்ல எழுதவா?"

"அவர்தான் போகணும்கிறார்."

"அவர் கேட்பார் சார். நாமதான் அவர் நன்மையைப் பார்க்கணும்."

என் வாயிலிருந்து எட்டு வருஷம் முன்பு வந்த அதே வார்த்தைகள். மனிதரை அடிக்கவும் முடியாது, நான் அடிபட வேண்டியவன். மூன்று நாள் நடந்தேன். ஒருநாள் ஃபைல் பார்க்க வேண்டும் என்றார். ஒருநாள் டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும் என்றார். காது கேட்காது என்று எல்லோருக்கும் தெரிந்ததற்கு டாக்டர் என்ன எழுதுவார்? கடைசியில், எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு ஒரு பரீட்சைக்குச் சம்மதித்தார். அவரே வள்ளத்தில் வந்து, ஆட்கள் கீழே இருக்கும்போது சுறா என்று கத்துவார். கயிறு பிடிப்பவர்கள் அசையக் கூடாது. மற்றவர்கள் ஏறிவருவார்கள், சவரிமுத்து வரமாட்டார், அதோடு இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. கீழே யாருக்கும் கேட்காது என்று நான் எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. நானும் இருபத்தாறு வருஷம் அப்படித்தானே இருந்தேன்.

சீசனின் முதல் நாள் விடியுமுன் கிளம்பினோம். நான் ஏரல் பக்கத்து வயற்காட்டுக்காரன், எனக்கு நீச்சல் தெரியாது. அதுவரை, கடலுக்குள் சங்கு கிடக்கிற பாருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. என் அதிகாரமெல்லாம் கரையில் குடைக்குக் கீழேதான். மேனேஜர் பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். நான் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

நங்கூரம் போட்டதும் கஸ்பார் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பிடிங்க அண்ணாச்சி."

"ஏலே, எனக்குத் தெரியாது."

"தெரியாதுல்லா. அதுக்குத்தான் பிடிங்க. நான் பக்கத்துலதான் நிக்கேன்."

சவரிமுத்து என்னையும் என் கையிலிருந்த கயிற்றையும் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு கல்லோடு இறங்கிவிட்டார். ஒரு மனுஷர் தன் உயிரை என் கையில் கொடுத்துவிட்டு இறங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் இறங்கினவர்களும் என்னை நம்பி இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கயிறு என் உள்ளங்கையில் ஓடி, நின்று, லேசாகத் துடித்தது. ஒரு இழுப்பு. நல்லாருக்கேன் என்று அர்த்தம் என்றார் கஸ்பார்.

எங்கள் வள்ளத்திலிருந்து மட்டும் நாலு பேர் கீழே இருந்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று "சுறா" என்று கத்தினார். மறுபடி கத்தினார். வாந்தியெடுத்த தொண்டையால் முகம் சிவக்கச் சிவக்கக் கத்தினார். கடல் பாட்டுக்கு இருந்தது. நல்ல காதுள்ள மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை.

நான் நாலு இழுப்பு இழுத்தேன்.

மூச்சுவிட்டு முடிப்பதற்குள் சவரிமுத்துவின் தலை மேலே வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். சுறா இல்லை. கயிற்றின் மறுமுனையில் என்னைப் பார்த்ததும் வந்த கோபத்தை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன்.

"எதுக்கு இழுத்திய? கையில எடுத்த சங்கக் கீழயே போட்டுட்டு வந்திருக்கேன்."

மற்ற மூவரும் தங்கள் மூச்சு முடிந்து ஒவ்வொருவராக ஏறி, மேனேஜர் ஐயா ஏன் இப்படிச் சிவந்து போயிருக்கிறார் என்று கேட்டார்கள். அவர் கட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மஸ்டரைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்க சார்" என்றார். அன்று மத்தியானமே அந்தச் சிவப்பு வரியை நான் அடித்தேன், அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபங்ஷனைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் உங்களுக்கு நீதி சொல்லி நாலு வரி சேர்க்கச் சொல்லி மேனேஜர் இன்னும் நச்சரிக்கிறார். என்னிடம் நீதி ஒன்றும் இல்லை. நீங்கள் நல்ல காரியம் செய்த மறுநாள் காலை யாராவது உங்களைத் தேடி வந்தால், வாயை மூடிக்கொண்டு அவர் பேசி முடிக்கும்வரை நில்லுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கே எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று, அதுவும் இன்னொருவருடைய எட்டு வருஷம்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அன்று வள்ளம் கரைக்குத் திரும்பும்போது, நனைந்த துணியோடு சவரிமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணை மூடியிருந்தேன். என் முன்கையை யாரோ பிடிப்பது தெரிந்தது. ஒரு நீண்ட அழுத்தம், இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. கண்ணைத் திறந்தால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கம்போலக் கஸ்பார் பக்கம் திரும்பினேன்.

"ஏலே கஸ்பாரு, இவரு என்ன சொல்லுதாரு?"

கஸ்பார் பாயின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அத அவங்கிட்டயே கேளுங்க அண்ணாச்சி."

எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையை மறுபடி நீட்டினேன். சவரிமுத்து அதைப் பிடித்து, முதலிலிருந்து, மெதுவாகத் தட்டத் தொடங்கினார்.